செங்கல் தேய்த்த டயர்

அவர் யாருடைய முகத்தையும் முதலில் பார்த்ததில்லை. டயரைத்தான் பார்ப்பார். போர்ட் பிளேரில், சாத்தம் துறையில், எதிர்க்கரை பாம்பூபிளாட்டுக்குப் போகும் படகுக்காக மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய்க் குந்துவார். முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் புறங்கையால் தடவுவார். உள்ளங்கை காய்த்துப்போய்விட்டது, அதற்கு ஒன்றும் தெரியாது என்பார். பிறகு கட்டைவிரல் நகத்தால் ரப்பரில் ஒரு கோடு கீறி, அந்தக் கோடு மறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார். அதெல்லாம் முடிந்த பிறகுதான் தலையைத் தூக்கி, வண்டிக்காரர் யார் என்று பார்ப்பது. பார்த்த கையோடு சொல்லிவிடுவார்.

"இது மலையில ஆறாவது வளைவு வரைக்கும் புடிக்கும். அங்க விட்டுரும்."

காலை ஏழு மணிக்குக் குளித்துத் திருநீறு பூசி வேலைக்குக் கிளம்பி வந்த மனுஷனுக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்? சிலர் சிரிப்பார்கள். சிலர் எச்சில் துப்பிவிட்டு நகர்வார்கள். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். அடுத்த வண்டிக்குப் போய்க் குந்திவிடுவார்.

இது எழுபதுகளின் தொடக்கத்தில். அவர் அரசாங்க வொர்க்‌ஷாப்பில் டயர் மாட்டும் ஃபிட்டர். சாத்தம் பாலத்துக்கு இந்தப் பக்கம் மேட்டில் இருந்த குவார்ட்டர்ஸ் வரிசையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. தனியாள். ஐம்பதைத் தாண்டியிருக்கும். இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, அங்கே துரைமார்களின் மோட்டார் சைக்கிள்களுக்கு டயர் போட்டு, இந்தியாவுக்கே திருப்பி அனுப்பும் ஒப்பந்தம் வந்து கப்பலேற்றியபோது எப்படியோ இந்தத் தீவில் வந்து ஒதுங்கியவர். அவருக்குப் பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலில் அதைப் போட்டிருப்பார்கள். துறையில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தமிழர்கள் முதுகுக்குப் பின்னால் கருநாக்கு என்பார்கள். கெட்டதைச் சொன்னால் அது நடந்துவிடும், அப்படிப்பட்ட நாக்கு.

என் வீட்டுக்காரர் ரோடு ஓவர்சியர். நாங்கள் ராமநாதபுரம் பக்கம். தண்ணீரே இல்லாத ஊரிலிருந்து, வருஷத்தில் எட்டு மாதம் மழை கொட்டும் ஊருக்கு வந்து சேர்ந்தோம். பாம்பூபிளாட்டில் இறங்கினால் இரண்டு மைல் கடலோரத் தட்டு ரோடு. அதற்குப் பின் மலை ஏறும் ரோடு, பதினேழு வளைவு. அந்த வளைவுகளை அகலப்படுத்தித் தார் போடும் வேலை அவருடையது. தினமும் காலையில் மோட்டார் சைக்கிளைப் படகில் ஏற்றிக்கொண்டு போவார். மழையில் நனைந்து, முழங்கால் வரை செம்மண்ணோடு திரும்பி வருவார். தன் வளைவுகளைப் பற்றி மாமியார் வீட்டுப் பெருமை போலப் பேசுவார். ஏழாவதை இன்றைக்கு எப்படி எடுத்தேன் தெரியுமா என்பார். எனக்கு எந்த வளைவும் தெரியாது. நான் மலைக்குப் போனதே இல்லை.

நாங்கள் குடிவந்த மூன்றாம் நாளே அவர் வாசலுக்கு வந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர், மரியாதைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக் காப்பி போட்டுக்கொண்டு வந்தேன். அவர் வாசலில் நின்ற வண்டியோடு பேசிக்கொண்டிருந்தார். பின் டயரின் இரண்டு ஓரங்களையும் தடவிப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரரை அண்ணாந்து பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் விளிம்பு வரைக்கும் தேஞ்சிருக்கு. தீவுலயே இப்புடி ஒண்ண நான் பாத்ததில்ல. வளைவுக்குப் பயப்படாத ஆளு நீங்க."

என் வீட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "உள்ள வாங்கண்ணே, உக்காருங்க" என்றார்.

"ஆனா நடு மழுங்கிப் போச்சு. அதுதான் ஒங்களக் கவுக்கும்" என்றார் அவர், காப்பியை வாங்கிக்கொண்டே.

எனக்கு வந்த ஆத்திரத்தில் டம்ளரைத் திரும்பப் பிடுங்கியிருப்பேன். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து இரண்டு பேரும் சேக்காளிகள்.

அவர்கள் வாசலில் உட்கார்ந்து பேசியதைக் கேட்டுக் கேட்டே டயர் சாத்திரம் எனக்கும் பாதி தெரிந்துபோயிற்று. போர்ட் பிளேரில் ஓட்டுவதெல்லாம் பெரும்பாலும் நேர் ரோடு. நேர் ரோட்டில் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடுகிறது. அது தேய்ந்து தேய்ந்து தட்டையாகிவிடும். விளிம்பு தேயாமல் நிற்கும். அந்த டயரோடு மலைக்குப் போனால், வண்டி சாயும்போது அந்தத் தட்டையின் ஓரம் வரைக்கும் ஒன்றும் தெரியாது. ஓரத்தைத் தாண்டியதும் சட்டென்று விழும். இதை அவர் எனக்கு என் அடுப்படிச் சாமானை வைத்தே காட்டினார். மண்பானை ஒன்றைச் சாய்த்தார், அது பதமாக உருண்டு சாய்ந்தது. அரிசி டின்னைச் சாய்த்தார். கொஞ்ச தூரம் சாய்ந்து, பிறகு தடாலென்று விழுந்து அரிசி எல்லாம் தரையில் கொட்டியது.

"பானை சாயும், டின்னு கவுந்துரும். வெளங்குதா தங்கச்சி?" என்றார். எனக்கு விளங்கியது, அரிசியை நான்தான் பொறுக்க வேண்டும் என்பது.

இன்னொன்றும் சொல்வார். "ரொம்ப நாள் ஓடுற ரப்பர் புடிக்காது. நல்லாப் புடிக்கிற ரப்பர் ரொம்ப நாள் ஓடாது. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு. அதத் தேடித்தான் எனக்குத் தல நரச்சது." தீவில் யாருக்கு அந்த நடு டயர் வேண்டும்? டயர் மெட்ராஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். எழுதிப்போட்டால் நாலு மாதமோ ஆறு மாதமோ, கப்பல் மனம் வைத்தால்தான். ஆகவே எல்லோரும் கல் மாதிரி ரப்பர்தான் கேட்பார்கள், சீக்கிரம் தேயக் கூடாது என்று. மழை பெய்து பாசி பிடித்த மலை வளைவில் அந்தக் கல் ரப்பரோடு ஏறுவார்கள். அவர் துறையில் குந்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து, இன்னார் இன்ன இடத்தில் என்று சொல்லிக்கொண்டிருப்பார். மழை நாளில் காற்றை இரண்டு பவுண்டு குறைத்துக்கொண்டு போகச் சொல்வார். யாரும் குறைக்க மாட்டார்கள்.

ஒரு வங்காளி வாத்தியார் இருந்தார். சாதுவான மனிதர். அவருடைய டயரை ஃபிட்டர் பார்த்துவிட்டு, தன் உடைந்த இந்தியில், இடது பக்க விளிம்பு புதுசாகவே இருக்கிறது, நீங்கள் இடது வளைவுக்குப் பயப்படுகிறீர்கள், பயப்படுகிற பக்கம்தான் விழுவீர்கள் என்றார். வாத்தியார் புன்னகைத்துவிட்டுப் போனார். பத்தாம் நாள் இடது வளைவொன்றில் அகலமாகப் போய், ஓடையில் இறங்கி, தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். இதில் என்ன மந்திரம் இருக்கிறது? டயரே சொல்லும் விஷயம்தான். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து ஃபிட்டர் வரிசையை நோக்கி வருவதைக் கண்டாலே சிலர் வண்டியைத் தள்ளிக்கொண்டு பாலம் வரை போய்விடுவார்கள். அவர் சொல்லாவிட்டால் விழ மாட்டோம் என்று எப்படியோ முடிவு கட்டிவிட்டார்கள்.

ஒரு காண்ட்ராக்டரின் மருமகன் கதை இதைவிட மோசம். மாப்பிள்ளைக்குப் புது வண்டி, புது டயர். ஃபிட்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, புது டயரில் அச்சிலிருந்து வந்த ஒரு வழுவழுப்பு இருக்கும், அது போகும்வரை புது டயரைப் போல ஆபத்தான டயர் கிடையாது, நூறு மைல் தட்டு ரோட்டில் மெதுவாக ஓட்டிச் சாய்த்துச் சாய்த்துத் தேய்த்துக்கொண்டு வா, அல்லது என்னிடம் விட்டுவிட்டுப் போ என்றார். புது டயரைப் போய்த் தேய்ப்பதாவது! துறையே சிரித்தது. அன்று மாலையே மூன்றாவது வளைவில் மாப்பிள்ளை வண்டியோடு சறுக்கி, முழங்கை தோல் வழண்டு திரும்பி வந்தார். மறுநாள் காண்ட்ராக்டர் வொர்க்‌ஷாப்புக்கே வந்து, பத்துப் பேர் பார்க்க இவர் கன்னத்தில் அறைந்தார். "நல்ல காரியத்துக்குப் போறவன வாயி வச்சுக் கெடுத்திட்டியேடா" என்று சொல்லிச் சொல்லி அறைந்தாராம்.

அன்று சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் அவர் ஒரு புது டயரை மடியில் வைத்துக்கொண்டு செங்கல் துண்டால் தேய்த்துக்கொண்டிருந்தார். அதுதான் அவர் வழக்கம். அவர் கையால் மாட்டும் எந்தப் புது டயரையும் அரை நாள் செங்கல் போட்டு, பளபளப்பெல்லாம் போய்ச் சாம்பல் நிறமாகும்வரை தேய்த்துத்தான் மாட்டுவார். கன்னம் வீங்கியிருந்தது.

"என்னண்ணே இது. பாத்தாலும் பாக்காத மாதிரி இருந்தா என்ன? ஒங்களுக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு?" என்றேன்.

செங்கல் நிற்கவில்லை. "ஒருக்கா சொல்லாம இருந்தேன்" என்றார். "தோட்டத்துல."

அவ்வளவுதான். யாரிடம் சொல்லவில்லை, என்ன நடந்தது, ஒன்றுமில்லை. நானும் கேட்கவில்லை. அவர் தேய்க்கிற சத்தத்தைக் கேட்டால் கேட்கத் தோன்றாது.

இதையெல்லாம் படித்துவிட்டு அவரை ஒரு முசுடு என்று நினைத்துவிட வேண்டாம். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளுடைய மூன்று சக்கர வண்டியையும் குந்தி உட்கார்ந்து புறங்கையால் தடவிப் பார்ப்பார். "பின்னால வலது சக்கரம் சரியில்ல தாயி. முத்தத்துல வலது பக்கம் திரும்பும்போது மெல்லமாப் போ" என்பார், துறையில் சொல்லும் அதே குரலில். அவளும் தலையை ஆட்டிவிட்டு, சொன்ன இடத்திலேயே போய் விழுவாள். விழுந்துவிட்டு அவரைப் பார்த்துச் சிரிப்பாள். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

ஆனாலும் எனக்கு உள்ளூரப் பயம் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? என் வீட்டுக்காரர் காலையில் கிளம்பும்போது அவர் எதிரே வந்துவிடக் கூடாதே என்று ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். வந்தால், காப்பி என்று உள்ளே கூப்பிட்டு உட்கார்த்தி வைத்துவிடுவேன். அதற்குள் வண்டி போய்விடும். அவருக்கு என் தந்திரம் தெரிந்துதான் இருக்கும். காப்பியைக் குடித்துவிட்டுப் போவார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னால், எழுதிப்போட்டு நாலு மாதம் கழித்து, எங்கள் வண்டிக்குப் பின் டயர் வந்தது. அவர் தேடிக்கொண்டிருந்த அந்த நடு ரப்பர். என் வீட்டுக்காரருக்காக மெட்ராஸில் யார் யாருக்கோ எழுதி வரவழைத்திருந்தார். நகத்தால் கீறி, கோடு மறைவதை என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தீங்களா, உசுரு இருக்கு" என்றார். பிறகு அரை நாள் இல்லை, ஒன்றரை நாள் செங்கல் போட்டார். நடுவை விட விளிம்புகளை அதிகமாகத் தேய்த்தார். "ஒங்க வீட்டுக்காரரு விளிம்புலதான் ஓட்டுவாரு" என்றார். மாட்டி முடித்தபோது அது புது டயர் மாதிரியே இல்லை. குப்பையிலிருந்து எடுத்து வந்தது போலச் சாம்பல் பூத்து, சொரசொரவென்று இருந்தது. என் வீட்டுக்காரர் நாலு நாள் ஓட்டிவிட்டு, சுவரில் பல்லி ஒட்டுவது போல வளைவில் ஒட்டுகிறது என்றார். எனக்கு மட்டும் அதன் நிறம் பிடிக்கவில்லை. நாலு மாதம் காத்திருந்து வந்த சாமானைக் கொண்டுபோய் இப்படியா ஆக்குவார் ஒருத்தர் என்று மனதுக்குள் திட்டினேன்.

ஆயுத பூஜையன்று வண்டியை நான்தான் கழுவினேன். எங்கள் ஊரில் அது பெண்கள் வேலை. அம்மி, அரிவாள்மனை, தையல் மிஷின், வண்டி எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். ஹேண்டில்பார் மின்னியது. டேங்க் மின்னியது. டயர் மட்டும் சாம்பலாக நின்றது. சாயங்காலம் ரோடு கேங்க் ஆட்களும் ஆபீஸ் ஆட்களும் பொரி வாங்க வருவார்கள். ஓவர்சியர் வண்டி இப்படியா நிற்பது? அரிவாள்மனைக்கும் பூட்டுக்கும் போட எடுத்த தேங்காய் எண்ணெய் கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. பழைய வேட்டித் துணியை அதில் முக்கித் தேய்த்தேன். கறுப்பு அப்படி ஏறியது! சந்தோஷமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் எண்ணெய் எடுத்து வந்து, சுற்றிலும், ஓரமெல்லாம் ஊற ஊறத் தேய்த்தேன். செங்கல் கீறலுக்குள்ளெல்லாம் எண்ணெய் நன்றாக இறங்கியது.

என் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்து பார்த்து, "அடேயப்பா, இப்பத்தான் கப்பல்ல இருந்து எறங்குன மாதிரி இருக்கு" என்றார். அவர் மலையிலிருந்து வந்த களைப்பில் இருந்தார். கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்கவில்லை.

பூஜை முடிந்தது. ஆட்கள் வந்திருந்தார்கள். முறத்தில் பொரியும் கடலையும் கலந்துகொண்டிருந்தேன். அவர் வந்தார். வழக்கம் போல யார் முகத்தையும் பார்க்காமல் நேராக வண்டிக்குப் போய்க் குந்தினார். புறங்கையை டயரில் வைத்தார். கையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். வாய் திறந்தது.

முறத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"அண்ணே, ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன். இன்னைக்கு ஒரு நாளு எங்க வண்டியப் பத்தி ஒண்ணும் சொல்லிராதீக. நாலு பேரு இருக்காக. நல்ல நாளு."

"இல்ல தங்கச்சி, இது..."

"ஒண்ணும் வேண்டாண்ணே. ஒங்க தங்கச்சி கேக்குறேன்ல."

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து டயரைத் துடைக்கப் போனார். நான் துண்டைப் பிடித்துக்கொண்டேன். பூஜை போட்ட சாமானை மறுநாள் விஜயதசமி காலை வரை யாரும் தொடக் கூடாது. அதுவும் எங்கள் ஊர் வழக்கம்தான். "பூசை போட்ட வண்டிண்ணே. காலையில வரைக்கும் கை வைக்கக் கூடாது" என்றேன்.

அவர் கையிலிருந்த எண்ணெயைப் பார்த்தார். "காலையில எத்தன மணிக்குப் போறாரு?"

"எட்டு மணிப் படகுக்குத்தான்."

"அப்ப நான் ஏழு மணிக்கு வாறேன்" என்றார். நான் அவர் கையில் பொரியைக் கொடுத்தேன். எண்ணெய்க் கையிலேயே வாங்கிக்கொண்டு போனார். ரோடு கேங்க் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன சொல்ல வந்தார் என்று கேட்கக்கூட எனக்குத் துணிவில்லை. கேட்டால் அது நடந்துவிடுமே. அந்த நேரத்தில் நான் துறையில் எச்சில் துப்புகிற ஆட்களில் ஒருத்தியாக இருந்தேன்.

விடிவதற்குள் மலையில் காற்றடித்து, ஒன்பதாவது வளைவில் பெரிய மரம் ஒன்று ரோட்டின் குறுக்கே விழுந்துவிட்டது. ஐந்தரைக்கு ஆபீஸ் பியூன் வந்து கதவைத் தட்டினான். என் வீட்டுக்காரர் முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினார். சாஸ்திரத்துக்கு இரண்டு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். ஏற்றி நசுக்கிவிட்டுப் போனார். ஆறு மணிப் படகு. லேசாகத் தூறிக்கொண்டிருந்தது.

ஏழு மணிக்கு அவர் வாசலில் நின்றார். ஒரு கையில் பழைய துணி. இன்னொரு கையில் தகர டப்பா, அது நிறைய மரத்தூள். சாத்தம் மில்லில் படாக்கு மரம் அறுத்த தூள், குங்குமச் சிவப்பு.

"வண்டி எங்க தங்கச்சி?"

"ஆறு மணிப் படகுக்கே போயிட்டாகளே. மலையில மரம் விழுந்து கெடக்காம். கையில என்னண்ணே?"

"தூளு" என்றார். "எண்ணெய எடுக்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாசலில் நசுங்கிய எலுமிச்சம்பழம் கிடந்தது. பின் சக்கரம் அதன் மேல் ஏறிப் போன தடம் எண்ணெயோடு, மழை ஈரத்தில் வானவில் நிறம் காட்டியது. எத்தனை நாள் கேட்டிருக்கிறேன், நேர் ரோட்டில் டயரின் நடு மட்டும்தான் தரையைத் தொடும் என்று. துறை வரைக்கும், பாம்பூபிளாட்டில் தட்டு ரோடு இரண்டு மைலும், நடுவில் இருந்த எண்ணெய் போய்விடும். என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. விளிம்பில் இருந்த எண்ணெய் அப்படியே இருக்கும். மலையில் வண்டியைச் சாய்க்கும்போதுதான் அது தரைக்கு வரும்.

தூள் டப்பாவோடு அவர் ஓடினார். செருப்பு ஒன்று வாசலிலேயே கழன்று கிடந்தது.

பத்து மணிக்கு மேல் ரோடு கேங்கிலிருந்து ஒரு ராஞ்சிக்காரர் படகில் வந்தார். "பாபுஜி கிர் கயா" என்றார். விழுந்துவிட்டார் என்று. தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முதல் வளைவு தாண்டி, இரண்டாவது வளைவு. கீழே ஓடைக் கல். தூக்கி வரும்போதே முடிந்துவிட்டது.

வண்டியை அவர்தான் மலையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். ஒற்றைச் செருப்போடு. யாரையும் தொட விடவில்லையாம். எங்கள் வாசலில் கூட்டத்துக்கு நடுவே வண்டியை நிறுத்திவிட்டு, நான் கிடந்த இடத்துக்கு வந்து, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "இது ரெண்டாவது தடவ தங்கச்சி" என்றார். அவர் தன்னைச் சொன்னார், தான் சொல்லாமல் விட்டதை. எனக்கு அது தெரியும்.

மூன்றாம் நாள் இன்ஜினியர் வந்தார். புது டயர் எப்படி வழுக்கியது என்று அவருக்குப் புரியவில்லை. ஃபிட்டரைக் கூப்பிட்டார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமியார் மெட்ராஸ் கப்பலில் வந்துகொண்டிருந்தார். மகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"புது டயர் ஐயா. மேல் பளபளப்பு போகல. நான் தேச்சுக் குடுத்திருக்கணும். குடுக்கல. என் தப்பு."

இன்ஜினியர் குனிந்து டயரைப் பார்த்தார். "ஓரத்தில் சிவப்பாக என்ன இது?" என்று கேட்டார்.

"மண்ணுங்க ஐயா. மலை மண்ணு" என்றார் அவர்.

அது மண் இல்லை. மலையிலேயே, ஆள் போன பிறகு, அந்த டப்பாவில் இருந்த தூளைப் போட்டு எண்ணெயைத் துளி விடாமல் துடைத்து எடுத்திருக்கிறார். எனக்காக. ஒன்றரை நாள் செங்கல் தேய்த்த கை, அந்தத் தேய்ப்பையே இல்லை என்று சொல்லிற்று. நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். "எண்ணெய் போட்டேன்" என்ற இரண்டே சொல் போதும். புருஷனைத் தன் கையால் கொன்றவள் என்று மாமியார் வந்து இறங்கும்போது துறையில் யாராவது சொல்வார்களே என்பதுதான் அப்போது என் மனதில் ஓடியது. என்னை நானே எத்தனை விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன், இதைவிடக் கௌரவமான காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஊர் தன் பங்குக்கு வேறொன்று சொன்னது. பூஜையன்று வந்தான், வண்டியைத் தொட்டான், வாயைத் திறக்கவில்லை, ஆனால் மனசுக்குள் நினைத்துவிட்டான். கருநாக்கு நினைத்தாலே போதும். வேலியில் அவர் காயப்போட்ட சட்டையை யாரோ எடுத்துக் கொளுத்தினார்கள். என் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்த பெண்கள் என் எதிரிலேயே அவரைத் திட்டினார்கள், எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று. நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மாதத்துக்குள் அவரை வடக்கே மாயாபந்தருக்கு மாற்றிவிட்டார்கள்.

அவர் கிளம்பும் நாளில் துறைக்குப் போனேன். புருஷன் செத்து ஒரு மாதம்கூட ஆகாதவள், வெறும் நெற்றியோடு ஆட்கள் பயணம் கிளம்புகிற இடத்துக்கு வரலாமா? எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். இன்ஜினியரிடம் இல்லாவிட்டாலும் அவரிடமாவது. ஒரு தகரப்பெட்டியோடு மாயாபந்தர் படகுக்காக நின்றார். நான் கிட்டப் போவதற்குள், பாம்பூபிளாட் வரிசையில் நின்ற ஒரு வாலிபன் அவரைக் கூப்பிட்டான். ஊருக்குப் புதியவன் போலிருந்தது, அவரைப் பற்றி ஒன்றும் தெரியாதவன்.

"சாச்சா, டயர் டீக் ஹை நா?" டயர் சரியாக இருக்கிறதா என்று.

அவர் குந்தினார். புறங்கையை நீட்டினார். பின் டயர் மொட்டை, நடுவில் நூல் வெள்ளையாகத் தெரிந்தது. பத்தடி தள்ளி நின்ற எனக்கே தெரிந்தது. மலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு நின்றது. அவர் கை டயரைத் தொடாமலே திரும்பி வந்தது. எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"டீக் ஹை பேட்டா" என்றார்.

அவர் வாயில் அந்த வார்த்தையை வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். முன்னால் போய் நின்றேன். "டீக் நஹீ ஹை" என்று அந்த வாலிபனிடம் சொன்னேன். "நூல் வந்திருச்சு. மலைக்குப் போகாத. முதல் வளைவுலயே விட்டுரும்." பாதி இந்தி, பாதி தமிழ். அவன் என் முகத்தைப் பார்த்தான், நெற்றியைப் பார்த்தான். "மன்ஹூஸ்" என்று சொல்லித் தரையில் துப்பினான். அபசகுனம் பிடித்தவள் என்று அர்த்தம். வண்டியைத் தள்ளிக்கொண்டு படகில் ஏறினான்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு தடவைதான் அவர் வேறெதையும் பார்க்காமல் முதலில் என் முகத்தைப் பார்த்தது. சொல்ல வந்ததைச் சொல்வேன் என்று காத்திருந்தாரோ என்னவோ. மாயாபந்தர் படகு சங்கு ஊதும்வரை நின்றார்.

டயரைப் பற்றிச் சொல்லிவிட்டேன். எண்ணெயைப் பற்றி அன்றும் சொல்லவில்லை.